மொய் நோட்டுல அவன் கையெழுத்து

போன ஆவணியில ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன், செட்டிநாட்டுல ஏதோ ஒரு ஊருன்னு வச்சுக்கங்க. பந்தி முடிஞ்சு மொய் எழுத வரிசையில நிக்கிறோம், எனக்கு முன்னாடி மதினி, கையில 500 ரூபா. (மதினின்னு சொல்றதால சொந்தம்னு நினைச்சுத் தேடாதீங்க, எங்க பக்கம் தெருவுல இருக்க எல்லாருக்கும் ஒரு முறை உண்டு.) மேசைக்குப் பின்னாடி நோட்டை விரிச்சு வச்சு உக்காந்திருந்தவனை கிட்டப் போற வரைக்கும் நாங்க கவனிக்கல. "பேரு சொல்லுங்க"ன்னான், தலைய நிமித்தாமலே. அந்தக் குரலைக் கேட்டதும் மதினி அப்படியே நின்னுட்டாக. பின்னாடி பத்துப் பேரு நிக்கிறாக, பொண்ணு வீட்டுக்காரக பக்கத்துலயே நின்னு சிரிச்சுக்கிட்டு கும்புடுறாக, என்ன செய்ய முடியும் சொல்லுங்க, வீட்டுக்காரரு பேரையும் ஊரையும் சொன்னாக, அவன் எழுதுனான். எழுதி முடிச்சுட்டு நிமிந்து பாத்து, "நல்லா இருக்கீங்களா அக்கா"ன்னு கேட்டான்.

அவுக மகளை 11 வயசுல பாலியல் வன்கொடுமை செஞ்சதுக்கு ஜெயிலுக்குப் போனவன் அவன்.

வெளிய வந்து மூணு வாரம் ஆச்சாம். எங்க யாருக்கும் தெரியாது. போலீஸ்லருந்து ஒரு போன் இல்ல, ஜெயில்லருந்து ஒரு கடுதாசி இல்ல. அந்தத் தாய்க்கு அவன் வந்த சேதி மொய் மேசையில வச்சுத்தான் தெரியுது. உள்ள இருக்கும்போதே தபால்ல படிச்சு பட்டம் வாங்கிட்டானாம், கையெழுத்து நல்லாருக்கும், பொறுப்பான பையனாயிட்டான், அதான் உக்கார வச்சோம்னு பொண்ணோட பெரியப்பா அப்புறம் எங்கிட்ட சொன்னாரு, அவரு கெட்ட மனசுல சொல்லலைன்னு எனக்கும் தெரியும். ஆனா மதினி ராத்திரி சொன்னது வேற. "அந்த நோட்டு அவுக வீட்டு பீரோவுல பத்துப் பதினஞ்சு வருஷம் இருக்கும், நாளைக்கு எங்க வீட்டுல ஒரு நல்லது நடந்தா திருப்பிச் செய்ய எடுத்துப் பாப்பாக, அதுல எங்க பேரு அவன் கையெழுத்துல இருக்கும்ல"ன்னாக. இதுக்கு நான் என்ன பதில் சொல்ல.

இதைப் போடலாமான்னு அந்தப் புள்ளைகிட்டயே கேட்டேன். இப்ப அவளுக்கு 22 வயசு. எழுதுனதைப் படிச்சுட்டு ரெண்டு இடத்துல அடிச்சா. ஒண்ணு, அவ என்ன வேலைக்குப் போறான்னு எழுதியிருந்தேன், ஆளு தெரிஞ்சிரும்னு எடுக்கச் சொன்னா. இன்னொண்ணு, "நாசம் பண்ணவன்"னு எழுதியிருந்தேன். "நான் ஒண்ணும் நாசமாகல அயித்தை, அதை எடுங்க"ன்னா. எடுத்துட்டேன். நாம எல்லாரும் யோசிக்காம எழுதுற வார்த்தைதான், இனிமே எழுத மாட்டேன்.

10 வருஷத் தண்டனை அவனுக்கு. தீர்ப்பு வர்ற வரைக்கும் உள்ள இருந்த மாசங்கள அதுல கழிச்சாக, அது சட்டப்படி சரி. அதுக்கு மேல நன்னடத்தைக்குன்னு மாசாமாசம் குடுக்குற கழிவு, எல்லாம் போக ரெண்டு வருஷத்துக்கு மேல முன்னாடியே வெளிய வந்துட்டான். அரசாங்கம் உத்தரவு போட்டு விடுறதுதான் பேப்பர்ல வரும், டிவியில விவாதம் நடக்கும். இந்தக் கழிவுக் கணக்குல வெளிய வர்றவங்களப் பத்தி ஒரு வரி செய்தி கூட வராது, ஒரு நாள் தெருவுல நடந்து வருவாங்க அவ்வளவுதான்.

நான் வக்கீல் இல்ல. அந்தக் குடும்பத்தோட மூணு வருஷம் சிவகங்கைக்கு பஸ்ல அலைஞ்சவ, அதுல கொஞ்சம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, அப்புறம் இந்த ரெண்டு மாசமா ராத்திரி உக்காந்து படிச்சது. ஆயுள் கைதிய முன்கூட்டி விடலாமா வேணாமான்னு முடிவு பண்ண என்னென்ன பாக்கணும்னு லக்ஷ்மண் நஸ்கர் வழக்குல 2000ல உச்ச நீதிமன்றம் அஞ்சு விஷயம் சொல்லியிருக்கு. அந்தக் குற்றம் சமூகத்தையே பாதிக்குமா இல்ல தனிப்பட்ட செயலா, மறுபடி செய்வானா, செய்யிற தெம்பு இன்னும் அவனுக்கு இருக்கா, இனியும் உள்ள வச்சு பிரயோசனம் உண்டா, அவன் குடும்பத்தோட பொருளாதார நிலைமை எப்படி. இந்த அஞ்சையும் நான் நாலு தடவை படிச்சேன். அவன் குடும்பம் கஷ்டப்படுதான்னு பாக்கச் சொல்லுது. அவளோட குடும்பம் என்ன ஆச்சுன்னு பாக்கச் சொல்ற ஒரு வரி அதுல இல்ல. அவ இப்ப எங்க இருக்கா, அவன் திரும்பி வரப்போற தெருவுலதான் இருக்காளான்னு கேக்குற ஒரு வரி இல்ல.

சட்டத்துக்கு இது தெரியாத விஷயமும் இல்லைங்க. 16 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைக்கு நடந்த வன்கொடுமை வழக்குல ஜாமீன் கேட்டா, புகார் குடுத்தவுக தரப்பும் கோர்ட்டுல இருக்கணும்னு 2018ல திருத்தம் வந்துச்சு, இப்ப பிஎன்எஸ்எஸ்னு வந்திருக்க புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 483வது பிரிவுலயும் அது இருக்கு. வழக்கையே வாபஸ் வாங்கணும்னா பாதிக்கப்பட்டவுகளக் கேக்கணும்னு புதுச் சட்டத்துல சேத்திருக்காக. 2022ல விவசாயிங்க மேல காரேத்துன லக்கிம்பூர் கேரி வழக்குலயும் உச்ச நீதிமன்றம், விசாரணை தொடங்குறதுலருந்து எல்லாக் கட்டத்துலயும் பாதிக்கப்பட்டவங்களுக்குப் பேச உரிமை உண்டுன்னு சொல்லிருச்சு. ஆனா தண்டனையக் குறைக்கிறதப் பத்தின 473வது பிரிவுக்கு வந்தா பழைய சட்டத்தோட 432 மாதிரியேதான் இருக்கு, தீர்ப்பு சொன்ன கோர்ட்டு நீதிபதிகிட்ட கருத்து கேக்கலாம்னு இருக்கு, அவகிட்ட கேக்கணும்னு இல்ல. ஜாமீனுக்குக் கூப்பிட்டவளை விடுதலைக்குக் கூப்பிடக் கூடாதா?

பில்கிஸ் பானுவ எல்லாருக்கும் தெரியும், அவுகளே முகத்தைக் காட்டிப் பேசுனதால பேரைச் சொல்றேன். 2002 குஜராத் கலவரத்துல 21 வயசு, அஞ்சு மாசக் கர்ப்பம், மூணு வயசு மகள் உட்பட குடும்பத்துல பல பேரைக் கொன்னு அவுகளையும் சீரழிச்ச (இந்த வார்த்தையும் தப்புதான், மன்னிச்சுக்கங்க, வேற வார்த்தை சட்டுனு வரல) 11 பேருக்கு 2008ல மும்பையில ஆயுள் தண்டனை. 2022 ஆகஸ்ட் 15, நாடே கொடியேத்துன அன்னைக்கு அந்த 11 பேரையும் வெளிய விட்டாக. மாலை போட்டு லட்டு குடுத்து வரவேத்த போட்டோவ நாமெல்லாம் பாத்தோம். அதே வருஷம் சுதந்திர தின 75ஆம் ஆண்டுக்குன்னு ஒன்றிய அரசு அறிவிச்ச சிறப்புத் தண்டனைக் குறைப்புல வன்கொடுமைக் குற்றவாளிங்களுக்கு இடம் இல்ல. குஜராத்தோட 2014 விதியிலயும் இடம் இல்ல. தண்டனை குடுத்தப்ப நடைமுறையில இருந்தது 1992 விதின்னு அதைத் தேடி எடுத்து விட்டாக. சிபிஐ வேணாம்னுச்சு, மும்பை சிறப்பு நீதிபதி வேணாம்னாரு, அதையும் மீறி. பில்கிஸ்கிட்ட ஒரு வார்த்தை யாரும் கேக்கல.

அவுக மறுபடியும் கோர்ட்டுக்குப் போனாக. 20 வருஷம் கோர்ட்டுப் படி ஏறி இறங்குன பெறகு திரும்பவும் முதல்லருந்து. 2024 ஜனவரி 8, நீதிபதிகள் நாகரத்னாவும் உஜ்ஜல் புயானும் அந்த விடுதலைய ரத்து பண்ணாக, வழக்கு நடந்தது மகாராஷ்டிராவுல, அதனால குஜராத்துக்கு அந்த அதிகாரமே கிடையாதுன்னு. ரெண்டு வாரத்துல எல்லாரும் திரும்ப உள்ள போனாக. நெஞ்சு மேல இருந்த மலையளவு கல்லு இறங்குன மாதிரி இருக்கு, மூச்சு விட முடியுதுன்னு அன்னைக்கு அவுக சொன்னாக. அதைப் படிச்சப்ப எனக்குத் தோணுனது, அப்ப அந்த ஒன்றரை வருஷம் ஒரு மனுஷி மூச்சு விடாமத்தான் இருந்திருக்காக. அவுகளுக்கு நாடு முழுக்க ஆளு இருந்துச்சு, பெரிய பெரிய வக்கீலுங்க இருந்தாக. எங்க புள்ளைக்கு 45 கிலோமீட்டர் பஸ்ல போயி வக்கீலப் பாக்கணும்.

இன்னொரு பக்கம் ஹரியானாவுல தேரா சச்சா சௌதா ஆசிரமத்துச் சாமியார் குர்மீத் ராம் ரஹீம். ரெண்டு பெண்களுக்குச் செஞ்ச கொடுமைக்கு 2017ல 20 வருஷம் தீர்ப்பு. அதுக்கப்புறம் பரோல், பர்லோன்னு தற்காலிக விடுப்புல பத்துத் தடவைக்கு மேல வெளிய வந்தாச்சு, அதுல பல தடவை தேர்தல் நேரம். அந்த ரெண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் எப்படி இருந்திருப்பாக. யாரும் போயி கேட்ட மாதிரி தெரியல.

நம்ம ஊர்லயும் ஒண்ணச் சொல்லணும். அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்குல 2025 ஜூன்ல தீர்ப்பு வந்தப்ப, குறைஞ்சது 30 வருஷம் எந்தத் தண்டனைக் குறைப்பும் கிடையாதுன்னு நீதிபதியம்மா தீர்ப்புலயே எழுதிட்டாக. பொள்ளாச்சி வழக்குல 9 பேருக்கும் சாகுற வரைக்கும் ஆயுள். 2021ல அண்ணா பிறந்தநாளுக்கு 700 கைதிகள விடுறோம்னு வந்தப்பவும் வன்கொடுமை செஞ்சவங்களுக்கு அது பொருந்தாதுன்னு தெளிவா சொன்னாக. இதெல்லாம் நல்லதுதான், நான் மனசார வரவேக்கிறேன். ஆனா இதெல்லாம் பெரிய வழக்கு, நாடே பாத்த வழக்கு. கேமரா வராத 10 வருஷத் தண்டனைங்கதான் அதிகம்.

இப்ப கமெண்ட்ல என்ன வரும்னு தெரியும். தண்டனை அனுபவிச்சுட்டான், திருந்தி வாழ விடக் கூடாதா, மனித உரிமை பேசுறவ நீ எப்படி இப்படி எழுதலாம்னு. நான் விடுதலைக்கே எதிரி இல்லைங்க. அற்புதம்மாள் ஊர் ஊரா நடந்தப்ப காரைக்குடியில கையெழுத்து வாங்குன கூட்டத்துல நானும் நின்னேன், 31 வருஷத்துக்கப்புறம் பேரறிவாளன் வெளிய வந்த அன்னைக்கு அழுதேன். வயசாகி நோயோட கெடக்குற கைதிங்கள விடணும்னு இப்பவும் சொல்றேன். இவனோட ஆத்தாளும் எனக்குத் தெரிஞ்சவுகதான், கண்ணு சரியாத் தெரியாது, மகன் வந்துட்டான்னு கையப் புடிச்சுக்கிட்டு அழுதாக, அந்தக் கையத் தட்டிவிட எனக்கு மனசு வரல.

ஆனா இந்தக் குற்றத்துக்குன்னு ஒரு தன்மை இருக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சொல்றதுதான், பத்துல ஒம்பது வழக்குக்கு மேல செஞ்சவன் தெரிஞ்சவன், சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன். அப்ப அவன் வீட்டுக்குத் திரும்புறான்னா அவ தெருவுக்குத் திரும்புறான்னு அர்த்தம். அதே ரேஷன் கடை, அதே ஊருணி, அதே கோவில். இவன் வீட்டுக்கும் அவ வீட்டுக்கும் நடுவுல ஒரு தெருதான்.

அந்தக் கல்யாணத்துக்கப்புறம் அவ 7.40 பஸ்ஸ விட்டுட்டு 6.50 பஸ்ல போறா, ஏன்னா 7.40ல அவன் ஏறுனதை ஒரு நாள் பாத்துட்டா. இவதான் நேரத்தை மாத்திக்கிட்டா, அவன் இல்ல. கொல்லைக் கதவுக்கு புதுசா பூட்டு. பத்து வருஷமா தனியாப் படுத்த புள்ள இப்ப ஆத்தா பக்கத்துல படுக்குறா. வர்ற மாசி பங்குனிக்கு காரைக்குடி முத்துமாரியம்மனுக்கு பால்குடம் எடுக்குறதா நேந்திருந்தா, இப்ப அவ்வளவு கூட்டத்துல வேணாம் அயித்தைங்கிறா, யாரு பின்னாடி வர்றாகன்னு திரும்பிப் பாக்க முடியாதுல்லங்கிறா.

ஸ்டேஷனுக்குப் போனோம். மரியாதையாத்தான் பேசுனாக. "அவன் தண்டனைய முடிச்சுட்டு வந்திருக்கான், நாங்க என்னம்மா பண்ண முடியும், ஏதாச்சும் மிரட்டுனா உடனே வாங்க"ன்னாக. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம்னு ஒண்ணு 2018ல உச்ச நீதிமன்றம் சட்டமாவே ஆக்குனது, மாவட்ட நீதிபதி தலைமையில குழு இருக்கணும், விசாரணைக்குப் பெறகு வர்ற ஆபத்துக்கும் அதுல இடம் உண்டு. ஆனா அதுக்கும் மிரட்டல்னு ஒண்ண நாம காட்டணும். "நல்லா இருக்கீங்களா அக்கா"ங்குறத எந்த மனுவுல மிரட்டல்னு எழுதுறது?

நாங்க கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. பரோலோ, கழிவோ, முன்விடுதலையோ, எதுல வந்தாலும் வர்றதுக்கு முன்னாடி அவளுக்கு எழுத்துல சொல்லுங்க. 15 நாளு முன்னாடி சொன்னா வெளியூர்ல சித்தி வீட்டுக்குப் போயிருப்பா, மனசத் தயார் பண்ணியிருப்பா, மதினி அந்த வரிசையில நின்னிருக்க மாட்டாக. முன்கூட்டி விடுறதா முடிவு பண்ற இடத்துல அவ பேச விரும்புனா பேச விடுங்க, விரும்பலைன்னா தொந்தரவு பண்ணாதீங்க. விடும்போது அவ வீடு, வேலை பாக்குற இடம் பக்கம் வரக் கூடாதுன்னு நிபந்தனை போடுங்க, தண்டனைக் காலம் மிச்சம் இருக்க அந்த ரெண்டு மூணு வருஷத்துக்காவது. இங்கிலாந்துல ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வாங்குன பாலியல் குற்றவாளின்னா, பாதிக்கப்பட்டவங்க விருப்பப்பட்டா தகவல் சொல்லவே தனியா ஆளு வச்சிருக்காக. அங்கயும் 2018ல ஜான் வார்பாய்ஸ்னு ஒருத்தன விடப்போறத அவனால பாதிக்கப்பட்ட சில பெண்கள் செய்தியில பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாக, அவுக கோர்ட்டுக்குப் போயி அதை நிறுத்துனாக. ஏற்பாடு இருந்தும் தவறுது. நம்மகிட்ட அப்படித் தனியா ஆளு வச்ச ஏற்பாடு இருக்குறதா எனக்குத் தெரியல.

வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கப் போறோம், காப்பி சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் உள்துறைக்கும் போகும். இதுவரைக்கும் ஆறு பொம்பளைங்க கையெழுத்துப் போட்டிருக்கோம், அந்தக் கல்யாண வீட்டு ஆச்சியும் விசயம் தெரிஞ்சதும் தானே கூப்பிட்டு ஒரு கையெழுத்துப் போட்டாக. சிவகங்கைக்கு வர முடிஞ்சவுக காலையில ஒம்பதரைக்கு வாங்க. வர முடியாதவுக மனுவோட வாசகம் வேணும்னா இன்பாக்ஸ்ல கேளுங்க, அனுப்புறேன், உங்க மாவட்டத்துல நீங்க குடுங்க. அவ யாரு, எந்த ஊருன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க, தெரிஞ்சவுகளும் கமெண்ட்ல எழுதாதீங்க.