தீப்பந்தம் பிடித்தவனுக்கும் பையில் பங்கு உண்டு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டும் ஆட்டம்) ஆடாதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன ஞாயிறு எங்கள் மேஜையில் ஒரு சண்டை. கோப்ளின்களோடு அல்ல, எங்களுக்குள்ளேயே. கதையில் குகைக்குள் தீப்பந்தம் பிடிக்க என் பிளேயர்கள் ஒருவனைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். ஐந்தாம் பதிப்பின் விலைப்பட்டியல்படி அந்த மாதிரி வேலைக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளிக்காசு. அம்பு பட்டு விழுந்துவிட்டான். குணமாக்கும் பூசாரியான கிளெரிக்கிடம் ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) காலி. வைத்தியம் பார்க்க உருட்டும் மெடிசின் செக்கில் விழுந்தது 3, பலிக்கவில்லை. பொதுப்பையில் மிச்சம் ஒரே ஒரு ஹீலிங் போஷன் (காயம் ஆற்றும் மருந்து), விலை 50 பொற்காசு.

"டேய், அது இவனோட 250 நாள் கூலிடா!" என்றான் ரோக் (திருட்டு வேலையில் கெட்டிக்காரப் பாத்திரம்) ஆடுகிறவன். கணக்கு சரிதான். "அந்தப் போஷன் வாங்கின காசு கிடைச்சப்போ வெளிச்சம் காட்டினது யாரு?" என்றாள் கிளெரிக். பத்து நிமிடம் போனது, டீ ஆறிப்போனது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், டிஎம்முக்கும்தான் (டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துகிற நான்). நான் வாயே திறக்கவில்லை.

முன்பெல்லாம் இவனைப் போன்ற கூட்டாளி என்பிசிகளை (பிளேயர் யாருக்கும் சொந்தமில்லாத பாத்திரங்களை) நானே ஆட்டுவேன். எதிரிக்கும் நான் பகடை உருட்ட, கூட்டாளிக்கும் நானே உருட்ட, நாலு பேர் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கொடுமை. இப்போது சண்டை தொடங்கியதும் கூட்டாளியின் ஷீட் (அவன் விவரம் எழுதிய தாள்) ஒரு பிளேயர் கைக்குப் போய்விடும். அவன் மனசு மட்டும் என்னிடம்: நிற்பானா, ஓடுவானா?

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. 1981-இல் வந்த இந்த ஆட்டத்தின் பேசிக் விதிகளில் கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) 9 முதல் 12 வரை உள்ளவருக்கு அதிகபட்சம் 4 கூலியாட்கள், அவர்களின் மொரேல் (மன உறுதி) 7. இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டி 7-ஐத் தாண்டினால் ஆள் கம்பி நீட்டிவிடுவான். 2014 டன்ஜன் மாஸ்டர் கைடிலும் 0 முதல் 20 வரை விசுவாசப் புள்ளி உண்டு. விருப்ப விதி என்று போட்டதால் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை போல.

அப்புறம் அந்தப் பொதுப்பை. எங்கள் மேஜையில் அதற்குத் தனித் தாள், நடுவில் கிடக்கும், பென்சில் ஒருவர் கையில். முன்பு ஆளாளுக்கு "உன்கிட்ட இல்லையா?" என்று கேட்பதிலேயே போஷன் பாதி காணாமல் போகும். அந்தத் தாளில் கூட்டாளியின் பெயரையும் எழுதச் சொல்கிறேன். சம்பளம் கொடுத்தாயிற்று, போஷன் எதற்கு என்று கேட்கும் டிஎம்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பையில் பங்கில்லாதவன் எப்படிக் கூட்டாளி? அவன் நடமாடும் தீப்பந்தம், அவ்வளவுதான்.

கடைசியில் போஷனை ஊற்றியது ரோக்தான். முணுமுணுத்துக்கொண்டே உருட்டினான். இரண்டு நாலுமுகப் பகடையிலும் 1. போஷனுக்கே உரிய 2-ஐயும் சேர்த்து மொத்தம் 4 புள்ளி.

வரும் ஞாயிறு அந்தத் தீப்பந்தக்காரன் தன் கூலியை 3 வெள்ளியாக உயர்த்திக் கேட்கப்போகிறான். என் பிளேயர்கள் யாராவது இதைப் படித்தால், படிக்காத மாதிரியே வந்து உட்காரவும்.