கரடி செத்தால் ஆளும் சாவானா?

ஞாயிறு சாயங்காலம் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டைமாடி அறை. ஐந்து பேர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்கார்ந்தோம். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி, விதிப்புத்தகத்தை வைத்து ஆடும் கதை விளையாட்டு அது. ஆடியது முக்கால் மணி நேரம். வழக்காடியது இரண்டு மணி நேரம்.

என் பாத்திரம் ட்ரூயிட், அதாவது விலங்காக மாறத் தெரிந்த மந்திரவாதி. அவன் பழுப்புக் கரடியாக உருமாறியிருந்தான். 2014 பதிப்பு விதிப்படி கரடிக்குத் தனியாக 34 உயிர்ப்புள்ளிகள். அவை தீர்ந்தால் வேடம் கலையும், மிச்ச அடி ஆள்மேல் விழும். இதில் தகராறு இல்லை. அப்போதுதான் எதிரி தூளாக்கும் மந்திரத்தை ஏவினான். அடி 70. கரடி பூஜ்யம், மிச்சம் 36. என்னிடம் சொந்தமாக 50 இருக்கிறது. ஆனால் பூஜ்யமாக்கினால் தூள் என்கிறது மந்திரம். யாருடைய பூஜ்யம்? கரடியுடையதா, என்னுடையதா?

பிற்கால அச்சில், அடி முழுதும் விழுந்தபின் பூஜ்யத்தில் நின்றால்தான் தூள் என்று திருத்திவிட்டார்கள். அதாவது 14 புள்ளியோடு நான் பிழைக்கிறேன். எங்களிடம் இருந்ததோ பழைய அச்சு. ஆட்டத்தை நடத்தும் அண்ணன் வக்கீல் வேறு, கேட்க வேண்டுமா?

2024 பதிப்பில் இந்தத் தலைவலியே இல்லை. உருமாறினாலும் சொந்தப் புள்ளிகள்தான், மேலே கொஞ்சம் தற்காலிகப் புள்ளிகள். அதை வாங்கலாம் என்றேன். யார் காசு போடுவது என்று அடுத்த சண்டை.

இதற்குள் ஆற்காட்டு நண்பன் கொண்டுவந்த மக்கன் பேடா தீர்ந்துவிட்டது. பாகு ஒட்டிய விரலால் யாரோ பக்கம் புரட்டியதில் சரியாக அந்த வரிமேல் கறை. காட்பாடியில் ரயில் பிடிக்க வேண்டியவன் எழுந்துவிட்டான். அடுத்த ஞாயிறு வரை என் ட்ரூயிட் பாதி ஆள், பாதித் தூள்.