பழைய கம்பைலரில் நன்றாகத்தானே ஓடியது?

நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரைப் புதுப்பித்தால் நிரல் வேகமாக ஓடும் என்றார்கள். ஓடுகிறது, நேராகப் போய்ச் சுவரில் முட்டுகிறது. ஒரு வரிகூட மாற்றவில்லை, சாமி! பிழை தேடுவதற்கென்று உருவாக்கும் டீபக் பில்டில் பரம சாது. வேகத்துக்காகக் கம்பைலர் செய்யும் ஆப்டிமைசேஷனைப் போட்டதும் வெறி பிடித்துவிடுகிறது. நடுவில் எதையாவது அச்சிட ஒரு பிரின்ட்எஃப் வைத்தால், அட, பிழையையே காணோம்! அதை எடுத்தால் மறுபடி ஆஜர்.

கேட்டால், "அன்டிஃபைன்ட் பிஹேவியர்" என்று முடித்துவிடுகிறார்கள்; அதாவது கோட் மொழியின் விதியை மீறிவிட்டது, இனிக் கம்பைலர் என்ன வேண்டுமானாலும் செய்யலாமாம். மதிப்பைத் திருப்பித் தரவேண்டிய சி++ ஃபங்ஷனில் யாரோ ரிட்டர்ன் எழுத மறந்திருந்தால், ஜிசிசி என்ற கம்பைலரின் 8-ஆம் பதிப்பு 'இந்த வழியில் யாரும் வரவே மாட்டார்கள்' என்று முடிவுகட்டி, சமயத்தில் பக்கத்து ஃபங்ஷனுக்குள்ளேயே நழுவ விடுகிறது. ஜிசிசி 6 மட்டும் சளைத்ததா? ஃபங்ஷன் எந்த ஆப்ஜெக்டுக்காக ஓடுகிறதோ அதைச் சுட்டும் 'திஸ்' காலியாக இருக்கவே முடியாதாம், அதனால் காலியா என்று பார்க்கும் செக்கையே தூக்கிவிட்டது. எல்லாம் புதுப் பதிப்பின் மாற்றங்களைச் சொல்லும் ரிலீஸ் நோட்ஸில் இருக்கிறதாம். சரி, என்றோ வேலையை விட்டுப் போனவர் எழுதிய கோடில் அந்தத் தவறு எந்த மூலையில் இருக்கிறது என்று எந்த நோட்ஸ் சொல்லும்?