நேற்றிரவு எடுத்தது முடியில் தெரியாது

ஹட்டன் பக்கம் பஸ், லொறி ஓட்டுபவர்களிடம் "ஒரு முடி போதும், நேற்றிரவு ஐஸ் (மெத்தம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள்) எடுத்தாரா என்று காலையிலேயே தெரிந்துவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அண்ணன் கோபிக்க வேண்டாம், அது சரியில்லை.

போதைப்பொருள் இரத்தத்தின் வழியாக முடியின் வேருக்குப் போகிறது. அந்தப் பகுதி வளர்ந்து தோலுக்கு வெளியே வர ஒரு வாரமாவது ஆகும். நேற்றைய விஷயத்துக்கு இரத்தம், சிறுநீர், உமிழ்நீர்தான். முடி காட்டுவது கடந்த மாதங்களை. வியர்வையாலும் புகையாலும் மேலே ஒட்டுவது உண்டு, அதனால்தான் ஆய்வுகூடத்தில் முதலில் முடியைக் கழுவி, கழுவிய திரவத்தையும் சோதிப்பார்கள்.

ஒரு முடியும் போதாது. பின்னந்தலையில் பென்சில் தடிப்புக்கு ஒரு கற்றையை நூலால் கட்டி, தோலை ஒட்டி வெட்டுவார்கள், பிடுங்குவதில்லை. வேர்ப்பக்கம் எது என்று குறித்து, ஃபொயில் தாளில் மடித்து உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். நம்ம ஊர் பனி ஈரத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

நீங்களே பார்க்கலாம்: டை அடித்த ஒருவரின் வகிட்டை ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். அடியில் ஏறத்தாழ 1 செ.மீ. வெள்ளை தெரியும். அதுதான் அந்த ஒரு மாதம். வேர்ப்பக்க 3 செ.மீ. என்றால் சுமார் 3 மாதம். யாராவது முடி ரிப்போர்ட் காட்டினால், எத்தனை செ.மீ. துண்டு, எந்தப் பக்கத்திலிருந்து என்று கேளுங்கள்.