ரெண்டு பைனாகுலர், ஒரே நோட்டு

வேலைக்கோ கல்யாணத்துக்கோ வெளியூர் போன மகள் பொங்கல் லீவுக்கு வருகிறாள். அப்பா ரிட்டயர்டு. "ஒரு நாள் அப்பாவோட எங்கயாவது போகணும்" என்றதும் மால், ஓட்டல், சினிமா என்றுதான் பேச்சு போகும். மூன்றிலும் பக்கத்தில் உட்காரலாம். சேர்ந்து செய்ய ஒன்றும் இருக்காது.

பறவை பார்க்கப் போங்கள் என்பது என் கட்சி. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு வேடந்தாங்கல் இருக்கவே இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்ரோட்டில் திரும்ப வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை, ஆளுக்கொரு பைனாகுலர். "ஒண்ணு போதும், மாத்தி மாத்திப் பாத்துக்கலாம்" என்பதுதான் அந்த நாளைக் கெடுக்கும். பைனாகுலர் மூக்குக்கண்ணாடி மாதிரி, ஒருவர் கண்ணுக்கு வைத்தது இன்னொருவருக்குச் சரிவராது. கை மாறும் ஒவ்வொரு தடவையும் திருகி முடிப்பதற்குள் பறவை போய்விடும். பிறகு "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா, நீயே பாரு" என்று அப்பா வாங்கவே மாட்டார். கையில் இருக்கிற காசுக்கு உசத்தியாக ஒன்று வாங்குவதைவிட சுமாராக ரெண்டு வாங்குங்கள்.

8×42 என்று போட்டிருப்பதை எடுங்கள். 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மில்லிமீட்டர். 10 மடங்கு இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். அது கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும், தெரிகிற வட்டமும் சின்னதாகும். அறுபது தாண்டியவர் கைக்கு 8தான். கழுத்து வலிக்கிறது என்பவருக்கு 8×32 எடை குறைவு. ஆனால் வெளிச்சம் மங்கும் நேரத்தில் கொஞ்சம் இருட்டாகத் தெரியும்.

கண்ணுக்குப் பொருத்துவதை முந்தின நாளே வீட்டு மொட்டைமாடியில் முடித்துவிடுங்கள். முதலில் ரெண்டு குழலையும் மடக்கி விரித்து, ரெண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும் வரை கொண்டுவர வேண்டும். அடுத்து, வலது முன் லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு, தூரத்து போர்டு எழுத்து ஏதாவது இடது கண்ணுக்குத் தெளியும்வரை நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். இப்போது இடது லென்ஸை மூடி, அதே எழுத்தை வலது கண்ணால் பாருங்கள். இங்கே நடுச் சக்கரத்தைத் தொடக் கூடாது. வலது கண் பக்கம் இருக்கிற சின்ன வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்க வேண்டும். முடிந்தது. அந்த வளையத்தில் உங்கள் அளவு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் போனால் அரை மணியில் தலைவலி வரும், பழி வெயில்மேல் விழும்.

கண்ணாடி போடுகிறவர் கண் பக்க ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட்டு, கண்ணாடியோடே பார்க்கலாம். பைஃபோகல் என்றால் மேல்பாதி வழியாகப் பார்க்க வேண்டும். கீழ்ப்பாதி படிக்கிறதுக்கு, அதில் நாரையும் மேகமும் ஒன்றாகத்தான் தெரியும்.

காரில் ஏசி போட்டுப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்ந்த லென்ஸ் வெளிக்காற்றில் பட்டதும் ஆவி படியும். இறங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். படிந்துவிட்டால் துப்பட்டாவால் துடைக்காதீர்கள், லென்ஸ் பூச்சில் மணல் கீறும். தானாக விலகும்.

வேடந்தாங்கல் பாசன ஏரி. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால்தான் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டும். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன், ஜனவரியில் குஞ்சுகளைப் பார்க்கலாம். மழை பொய்த்த வருஷம் என்றால் போகும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்களே காத்த இடம் இது. சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, சுடக் கூடாது என்று உத்தரவே வாங்கியவர்கள். 2022-இல், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

விடிந்ததும் ஒன்று, மூன்றரைக்கு மேல் ஒன்று என ரெண்டு நடை போதும். நடுவில் கானல் அலை தெளிவைக் கெடுக்கும். அந்த நேரம் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும்.

கரையில் சண்டை வருவது ஒரே வாக்கியத்தால்: "அந்த மரத்துலப்பா!" எந்த மரம்? மரத்தைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள், உச்சி பன்னிரண்டு. "பட்ட மரத்துக்கு வலப்பக்க மரம், நாலு மணி, ஓரமா" என்றால் ரெண்டு பேர் கண்ணும் ஒரே கிளைக்குப் போகும். வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்த பிறகு, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து அதைத் தேடினால் தொலைந்தது.

நத்தை குத்தி நாரையை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி தெரியும், அதன் வழியே பின்னால் இருக்கும் இலையைக்கூடப் பார்க்கலாம். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். பெரியதும் சின்னதும் ஒரே கிளையில் நிற்கும்போது "இது வேற ஜாதி" என்று மகள் சொல்வாள். நியாயமான தப்புதான். பாம்புத்தாராவையும் நீர்க்காகத்தையும் பிரித்துச் சொல்ல அலகு போதும். முன்னதற்கு ஈட்டி மாதிரி நேர்க்கூர், பின்னதற்கு நுனியில் கொக்கி.

வயதானால் மெல்லிய கீச்சொலிகள் முதலில் காதைவிட்டுப் போகும். அதனால் தேன்சிட்டு சத்தம் மகள் பொறுப்பு. மடையான், வக்கா, உண்ணிக்கொக்கு என்று ஊர்ப்பேர் சொல்வது அப்பா பொறுப்பு.

நோட்டு மட்டும் ஒன்று. தேதி, ஆரம்பித்த நேரம், பறவை, எண்ணிக்கை. கூட்டமாக இருந்தால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவில் மொத்தத்தையும் அளக்க வேண்டும். குறைந்தது 15 நிமிஷம் எண்ணினாலே பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் அனுப்பலாம், 2015 முதல் நடக்கிறது. ஒருவர் நாற்பது என்றும் இன்னொருவர் அறுபது என்றும் சொன்னால் ஐம்பது என்று சமாதானம் பேசாதீர்கள். மறுபடி எண்ணுங்கள், கூடு எங்கேயும் போகாது.