தூர்வாரினால் மட்டும் கண்மாய் நிறையாது
‘கண்மாய்களைத் தூர்வாரினாலே தண்ணீர்ப் பஞ்சம் தீரும்’ என்று ஒரு கட்டுரையில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயைச் சில வருடம் முன்பு நன்றாகவே ஆழப்படுத்தினார்கள். ஆனால் மேல் கண்மாய் நிரம்பி வழியும் கலுங்கிலிருந்து எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம், ஓரிடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டடக் கழிவு. ஐப்பசி அடைமழையிலும் பாதிதான் நிறைந்தது. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடையின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கலாம், கிணறு ஊறும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் 39,000-க்கு மேல். அவற்றில் பல சங்கிலித் தொடர். மேலது நிரம்பி வழிந்தால்தான் கீழதற்குத் தண்ணீர். ஒன்றை மட்டும் தனியாக எடுத்துச் சரிசெய்து என்ன பயன்? அப்புறம், மடை திறந்து பங்கிடுவது யார்? எங்கள் அப்பா காலத்தில் அந்த வேலைக்கென்றே நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார், அவருக்குக் கூலியாகக் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள். இப்போது மடைச் சாவி யாரிடம் இருக்கிறது என்றே ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது.