குடியை விடுகிற ஆளை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள்

கடலூரிலிருந்து பாண்டி போகிற வழியில் முள்ளோடை வந்ததுமே பிராந்திக்கடைகள் ஆரம்பித்துவிடும். கடையை மூடணுமா வேண்டாமா என்று பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, "இனிமே தொட மாட்டேன்" என்று ஒருவர் சொன்ன பிறகு அவரை நாம் என்ன செய்கிறோம் என்பதுதான்.

கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குகிறோம். குலதெய்வம் கோயிலில் கயிறு கட்டுகிறோம். அப்புறம் வெளியே விடாமல் வீட்டோடு வைத்துக்கொள்கிறோம். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மூளையை மந்தப்படுத்துகிற பொருள் சாராயம். அதை ஈடுகட்ட மூளை எந்நேரமும் முறுக்கேறியே இருந்து பழகிவிடுகிறது. சாராயம் திடீரென்று நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகிற அண்ணன் ஒருவர் மாலை போட்ட கையோடு குடியை நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி, வேட்டியில் பூச்சி ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். வேட்டியில் ஒன்றுமே இல்லை. அவர் அம்மா காத்து கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ குடிச்சார்?" கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அவருக்கு அந்தப் பழக்கமே இல்லைங்க" என்றார் மாமனார். மாலை போட்டவரைப் பற்றி எப்படிச் சொல்வது என்கிற கூச்சம். அண்ணன் மனைவிதான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். வைட்டமின் பி1 ஊசி போட்டு, நடுக்கத்துக்கான மாத்திரையை அதிகமாக ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். சில நாளில் தெளிந்துவிட்டார்.

இன்னொன்று, 'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்று விற்கிற பொடி. அதில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கிற டைசல்ஃபிரம் என்ற மருந்தாகக்கூட அது இருக்கலாம். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அதனால்தான் டாக்டர்கள் சொல்லிப் புரியவைத்து, சம்மதம் வாங்கிக் கொடுக்கிறார்கள். குழம்பில் கலக்கிற சமாச்சாரமே இல்லை அது. குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. ஆனால் எது யாருக்குப் பொருந்தும் என்று டாக்டர்தான் முடிவு செய்யணும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதைப்பொருளாலும் வருகிற மனநல பாதிப்புகளை நோய் என்றே வரையறுக்கிறது. ஆகவே அடித்து, சங்கிலி போட்டுத் திருத்துகிற இடம் எதுவானாலும் அது சிகிச்சை இல்லை. தெரிந்தவர் யாராவது அப்படி ஒரு இடத்தைக் கைகாட்டினால் தயவுசெய்து போகாதீர்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது, பாண்டி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.

சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து அவர் மறுபடி குடித்தாலும் கைவிடாதீர்கள். சர்க்கரை ஏறினால் திரும்ப டாக்டரிடம் போகிறோம் இல்லையா, அதே மாதிரி கூட்டிப் போங்கள். போகும்போது தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, இதையெல்லாம் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.